யாரோடு ஆடுவது?

விளையாட்டின் விதிகள் இரு வகைப்படும். எவ்வாறு ஆட வேண்டும் என்று கூறுவது ஒரு வகை. யாரோடு ஆடலாம் என்று வரையறுப்பது மற்றொரு வகை. முன்னதை மைதானத்தில் நிற்கும் சிறுவனும் அறிவான். பின்னது சங்கங்களின் கூட்ட அறைகளில் எழுதப்படுவது. அதைப் படித்துப் பார்ப்போர் சிலரே. எனினும், ஒரு சமுதாயத்தின் மனப்போக்கை அறிய விரும்புவோருக்கு இரண்டாம் வகை விதியே தெளிவான சான்றாகும். அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டை மாணவர்களே நடத்தி வந்தனர். கண்காணிப்பார் இல்லை. பள்ளியை விட்டுச் சென்ற இளைஞர்களும், சில வேளைகளில் பள்ளிப் படியே மிதிக்காதவர்களும், பள்ளியின் பெயரால் களம் இறங்கினர். வெற்றிக்காகக் கூலிக்கு ஆள் பிடிப்பதும் உண்டு. பூசல்கள் பெருகின. இந்நிலையைச் சீர்செய்யவே தலைமையாசிரியர்கள் ஒன்றுகூடிச் சங்கங்கள் அமைத்தனர். இந்தியானாவில் அத்தகைய சங்கம் 1903ஆம் ஆண்டில் தோன்றியது. 1920இல் இந்தியானா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் சங்கங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. அதுவே பின்னர் நாடு முழுவதற்குமான அமைப்பாக வளர்ந்தது.

இச்சங்கங்கள் வகுத்த நெறிகள் எளியவை. ஆடுபவன் அப்பள்ளியின் உண்மையான மாணவனாக இருத்தல் வேண்டும். பாடங்களில் தேர்ச்சி காட்ட வேண்டும். வயது வரம்பைக் கடந்திருத்தல் ஆகாது. பணம் பெற்று ஆடுதல் கூடாது. இவற்றோடு, உறுப்புப் பள்ளிகள் யாரை எதிர்த்து ஆடலாம் என்பதற்கும் வரம்பு கட்டினர். அதில் நியாயம் இருந்தது. விதியை மதிப்பவன் விதியை மதியாதவனோடு மோதினால் இழப்பு மதிப்பவனுக்கே அல்லவா?

இந்தியானா மக்களுக்குக் கூடைப்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. ஏறத்தாழ ஒரு திருவிழா. 1911இல் தொடங்கிய மாநிலப் பந்தயத்தில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவே இல்லை. எல்லாருக்கும் ஒரே பந்தயம், ஒரே பரிசு. இந்த ஏற்பாடு 1997 வரை நீடித்தது. 161 மாணவர்களே பயின்ற மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி 1954இல் மாநிலப் பரிசை வென்ற செய்தியை அம்மக்கள் இன்றும் பெருமையோடு கூறுவர்.

ஆனால், "எல்லாரும்" என்ற அச்சொல்லுக்குள் எல்லாரும் அடங்கவில்லை. தலைநகரான இண்டியானாபொலிஸில் கறுப்பின மாணவர்கள் முன்னர் மற்றவர்களோடு சேர்ந்தே உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றனர். 1927இல் நகரக் கல்வித் துறை அவர்களுக்கெனத் தனிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. 1770இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலேயப் படையினரின் குண்டுக்கு இரையான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பள்ளி, விளையாட்டுச் சங்கத்தில் இடம் கேட்டது. கிடைத்த மறுமொழி விந்தையானது. எல்லா மாணவருக்கும் பொதுவான பள்ளிகளே உறுப்பினராகலாம். அட்டக்ஸ் ஓர் இனத்தாருக்கு மட்டுமே உரியது. ஆகையால் அதற்கு இடமில்லை! சுவரை எழுப்பியது நகரம். சுவருக்குள் இருப்பதே குற்றம் என்றது சங்கம். கத்தோலிக்கப் பள்ளிகளும் இவ்வாறே வெளியே நிறுத்தப்பட்டன.

இதன் விளைவாக, அட்டக்ஸ் மாணவர்கள் அண்டைத் தெருவில் இருந்த பள்ளியோடு மோத வழியின்றி, எதிராளியைத் தேடி நெடுந்தொலைவு பயணம் செய்தனர்; பிற மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளையும் நாடிச் சென்றனர். 1930 முதல் தலைமையாசிரியராக இருந்த ரஸ்ஸல் லேன், களத்தில் கண்ணியத்தைக் கண்டிப்போடு வற்புறுத்தினார். நடுவரின் தீர்ப்பு தவறாகத் தோன்றினும் வாதாடுதல் கூடாது என்பது அவர் கட்டளை. மற்றவர்களுக்கு நற்பண்பாக இருந்தது அம்மாணவர்களுக்குச் சுமையாகவும் அமைந்தது. அவர்களுள் ஒருவன் சினந்தால் ஓர் இனமே பழி சுமக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பல்லாண்டு முறையீடுகளுக்குப் பின், 1942இல் சங்கத்தின் கதவு திறந்தது. 1951இல் அட்டக்ஸ் மாநிலப் பந்தயத்தின் இறுதி நால்வருள் ஒன்றாயிற்று. 1954இல் மைலனிடம் தோற்றது. 1955இல், ரே குரோ பயிற்சி அளித்த அணி, மற்றொரு கறுப்பினப் பள்ளியான கேரி ரூஸ்வெல்ட்டை 97-74 என வென்று பரிசைக் கைப்பற்றியது. அனைவருக்கும் பொதுவான மாநிலப் பந்தயம் ஒன்றைக் கறுப்பினப் பள்ளி வென்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. தலைநகரப் பள்ளி ஒன்று அப்பரிசைப் பெற்றதும் அன்றுதான். ஆயினும், நகர நடுவே உள்ள நினைவுத் தூணைச் சுற்றி வந்த வெற்றி ஊர்வலம் அங்கே நின்று கொண்டாடவில்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் பூங்காவுக்குத் திருப்பப்பட்டது. விதி மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. மறு ஆண்டும் அட்டக்ஸ் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்றது. அவ்வணியின் ஆஸ்கர் ராபர்ட்சன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக ஆடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

இந்தியானா மட்டும் இதில் தனித்து நிற்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் கறுப்பினப் பள்ளிகளுக்கென 1920இல் அமைந்த தனிச் சங்கம் 1970 வரை இயங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உரைகல் நமக்குக் கிடைக்கிறது. படி, வயது வரம்புக்குள் ஆடு, கூலி வாங்காதே என்னும் விதிகள் மாணவனின் செயலைப் பற்றியவை. முயன்றால் அவற்றுக்கு அவன் பணிந்து நடக்கலாம். எந்தக் குடியில் பிறந்தாய் என்று கேட்கும் விதிக்கு எவ்வளவு முயன்றாலும் பணிய முடியாது. முன்னது ஆட்டத்தைக் காக்கிறது. பின்னது ஆட்டத்தையே பொய்யாக்குகிறது. எதிர்க்கத் தக்கவனை வெளியே நிறுத்திவிட்டுப் பெறும் பரிசு வெற்றிக்குச் சான்றாகுமா?

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நேயர்களே! உங்கள் பிள்ளைகள் பல மொழி பேசும் தோழர்களோடு ஒரே மைதானத்தில் ஆடுகின்றனர். அங்கே ஓர் அணியோ சங்கமோ விதி எழுத முற்படும்போது, அது ஆடுபவனின் நடத்தையைக் கேட்கிறதா, பிறப்பைக் கேட்கிறதா என்று பாருங்கள். நம் பிள்ளையை வெளியே நிறுத்தும் விதியை எதிர்ப்பது எளிது. நம் கை எழுதும் விதியால் மற்றொருவர் பிள்ளை வெளியே நிற்கும்போதும் அதே நியாயத்தைப் பேசுவதே உண்மையான விளையாட்டுப் பண்பாகும்.