பார்க்கின்சன் நோய் மருந்துகள்: பாதுகாப்பான பயன்பாடு

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தில், நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. இதனால் வரும் நடுக்கத்தையும் விறைப்பையும் அசைவு மந்தத்தையும் மருந்துகள் தணிக்கும். அழிந்த அணுக்களை மீட்கா. ஆகவே ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மருந்துகளால் நேரும் சிக்கல்களில் பல, நேரம் தவறுவதாலும் வேறு உபாதைக்கு எழுதப்பட்ட மருந்து குறுக்கிடுவதாலும் வருபவை. அளவில் காட்டும் கவனம் இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

முதன்மை மருந்து லெவோடோபா. 1961-இல் வியன்னாவில் பிர்க்மேயரும் ஹார்னிகீவிச்சும் இதை நோயாளிகளுக்கு ஊசியில் செலுத்திப் பயன் கண்டனர். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி வாய்வழி கொடுக்கும் முறையை நிறுவினார். இன்றும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். லெவோடோபா மூளையை அடையுமுன்பே டோபமினாக மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும். அதைத் தடுக்கவே கார்பிடோபா சேர்க்கப்படுகிறது.

இந்தியாவில் விற்கும் அட்டைகளில் அச்சிட்ட எண் பலரைக் குழப்புவது. 110 என்றால் 100 மி.கி. லெவோடோபாவும் 10 மி.கி. கார்பிடோபாவும், 125 என்றால் அதே 100-உடன் 25. லெவோடோபா இரண்டிலும் ஒன்றே. ஆனால் தடுப்பு சரியாக நிகழ நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவை. மூன்று வேளையும் 110 எடுப்பவருக்குக் கிடைப்பது 30 மட்டுமே. குமட்டல் தொடர அதுவும் ஒரு காரணம். மருந்துக்கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ விழுங்கவும் கூடாது.

கார்பிடோபாவுடன் சேர்ந்தாலும் லெவோடோபா ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் மூளை அதைச் சேமித்துச் சமாளிக்கும். பிற்காலத்தில் முடியாது, வேளை பிந்தினால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். குறித்த நேரத்துக்கு அரைமணிக்குள் மருந்து கிடைக்க வேண்டும் என்று பிரிட்டனின் பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பு மருத்துவமனைகளிடம் வலியுறுத்துவது இதனால்தான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாக விழுங்குவது சரியல்ல.

பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்குள்ளும் பின் மூளைக்குள்ளும் நுழையும் அதே வழியில் போட்டியிடுகின்றன. எனவே காலைப் பாலோடு மாத்திரையை விழுங்கும் வழக்கத்தை விடுவது நல்லது. உணவுக்கு அரைமணி முன்போ, ஒரு மணி நேரமாவது கழித்தோ தண்ணீரோடு எடுக்கலாம். குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். இதற்காகப் புரதத்தையே ஒதுக்கிவிட்டால் உடல் மெலியும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

கூடுதல் கவனம் வேண்டியது பிற மருந்துகளில்தான். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், மனநலத்துக்கான ஹாலோபெரிடால் ஆகியவை டோபமின் செயலைத் தடுப்பவை. நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கு எழுதும் சில கேப்ஸ்யூல்களில் பான்டோபிரசோலுடன் லெவோசல்பிரைடும் இருக்கும், அதுவும் இவ்வகையே. வயிற்றுக்கென்று மாதக்கணக்கில் இதை விழுங்கியவரின் நடுக்கம் கூடும்போது, நோய் முற்றிவிட்டதென்று கருதி லெவோடோபாவை உயர்த்திவிடும் அபாயம் உண்டு. அட்டையின் பின்புறப் பொடி எழுத்தைப் படிப்பதே முதல் வேலை. பார்க்கின்சனுக்கே தரும் செலிஜிலின், ரசாஜிலின் எடுப்பவர்கள் வலிக்கு டிரமடாலோ, இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோ எடுக்கக் கூடாது.

பூனைக்காலி விதைப்பொடியை இயற்கை மருந்துதானே என்று கூடவே சாப்பிடுவோர் உண்டு. அவ்விதையில் இருப்பதும் லெவோடோபாதான். அதைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னை ஆய்வாளர்களான தாமோதரனும் ராமசாமியும். பொடிக்குப் பொடி அதன் அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு என்று மருத்துவராலும் கணிக்க முடியாது.

இந்நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரைச் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, மிகையான பாலுணர்வு ஆகியவற்றில் தள்ளும். முன்னறிவிப்பின்றித் தூக்கமும் வரும் என்பதால் வண்டி ஓட்டுவோர் இதை மருத்துவரிடம் பேசியாக வேண்டும். சூதாட்டம் போன்றவற்றை நோயாளி கூச்சத்தால் மறைப்பார். வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது முறை. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில், முதியவர்களுக்கு மறதியையும் மனக்குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கக்கூடியது. படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் சரிவதால் சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இந்நோய்க்கான மற்றொரு மருந்தான என்டகபோன் எடுப்போருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாவது தீங்கற்றது.

எந்தப் பக்கவிளைவு வந்தாலும் மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும்போது இந்தத் திடீர் நிறுத்தம் நேரக்கூடும். எனவே மயக்க மருந்து நிபுணரிடம் மாத்திரை நேரங்களை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாதவருக்கு மூக்குக்குழாய் வழியாகவோ, ரோட்டிகோடின் தோல்பட்டையாகவோ மருந்தைத் தொடர்வார்கள்.