மெருகு சாண்டர்

மரச்சாமானுக்கு வார்னிஷோ பாலிஷோ ஏற்றும் முன் அதன் முகத்தை உப்புத்தாள் கொண்டு நைசாகத் தேய்த்துத் தரும் மின் கைக்கருவி மெருகு சாண்டர். மரத்தை வேகமாக வழித்தெடுக்கும் பெல்ட் சாண்டர் இந்த வகையில் சேராது. வெனீர் ஒட்டிய ப்ளைவுட்டில் அதை வைத்தால் சில நொடிகளில் அடிப்பலகை தெரிந்துவிடும். பல வெனீர்களின் கனம் அரை மில்லிமீட்டர்தான்.

வீட்டுப் பட்டறைக்கு ஏற்றவை இரண்டு. முதலாவது சதுர முகம் கொண்ட தாள் சாண்டர். கடையில் விற்கும் 230 × 280 மி.மீ. உப்புத்தாளை நான்காகக் கிழித்தால் இதற்கு நான்கு தாள். இருபக்கமும் கிளிப்பால் இறுக்கிக்கொள்ளலாம் என்பதால் செலவு மிகக் குறைவு. இழுப்பறையின் உள்மூலை வரை இதன் சதுர முகம் எட்டும். மோட்டார் தண்டில் மையம் விலகிப் பொருத்திய பேரிங், அடித்தட்டைச் சிறு வட்டமாக ஆட்டும், தட்டு சுழலாது. அதனால் ஒவ்வொரு மணலும் அதே சிறு வட்டத்தைத் திரும்பத் திரும்பக் கீறும்.

இரண்டாவது, வட்ட முகம் கொண்ட ரேண்டம் ஆர்பிட் சாண்டர். இதன் தட்டு ஆடுவதோடு தன்போக்கில் சுழலவும் செய்வதால், ஒரு கீறல் விழுந்த இடத்தில் அதே வடிவில் அடுத்தது விழாது. மர ரேகை எந்தப் பக்கம் ஓடினாலும் கவலையில்லை. சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சேரும் கதவு போன்ற வேலைகளில் இதன் அருமை தெரியும்.

வாங்கும்போது பலரும் வாட் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மெருகு வேலைக்கு 200 முதல் 300 வாட் தாராளம். பார்க்க வேண்டியது ஆட்டத்தின் விட்டம். 2.5 மி.மீ. அளவில் இருந்தால் முகம் நைசாக வரும், 5 மி.மீ. ஆட்டம் வேகமாகத் தேய்த்தாலும் கீறலைப் பெரிதாக விடும். வேக எண்களை ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். பாஷ் ஜிஇஎக்ஸ் 125-1 ஏஇ மாடலுக்கு நிமிடத்துக்கு 7,500–12,000 சுற்று என்றும், 15,000–24,000 ஆட்டம் என்றும் இரு கணக்கு உண்டு. இரண்டும் ஒரே வேகம்தான்: ஒரு சுற்றை இரண்டு ஆட்டமாக எண்ணுகிறார்கள். இது தெரியாமல் இன்னொரு கம்பெனியின் 12,000-ஐ இந்த 24,000-உடன் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பது நல்லது. வார்னிஷ் கோட்டுகளுக்கு இடையே தேய்க்கும்போது வேகம் கூடினால் சூட்டில் பூச்சு இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். தட்டுக்கு பிரேக் உள்ளதா என்றும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், தூக்கிப் பிடித்த தட்டு காற்றில் அசுர வேகம் எடுத்து, மரத்தைத் தொட்டதும் பள்ளம் பறிக்கும்.

வட்டத் தாள்கள் வெல்க்ரோவில் ஒட்டுபவை. 125 மி.மீ. தாளில் எட்டுத் துளை உள்ளவை அதிகம் புழங்குகின்றன, ஐந்து துளையும் உண்டு. தட்டின் துளையும் தாளின் துளையும் நேராக நிற்காவிட்டால் தூள் உள்ளே போகாது. மரத்துக்கும் தாளுக்கும் நடுவே சிக்கி, வால் சுருண்டது போன்ற கீறல்களைப் போடும். வெறுங்கண்ணுக்கு இவை தெரிவதில்லை. டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடித்து, டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் அத்தனை சுழியும் மேலே வந்து நிற்கும். பாலிஷ் போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி உரிக்க வேண்டியதுதான்.

இந்தச் சுழிகளுக்கு இன்னொரு காரணம் அழுத்தம். கருவியின் எடையே போதும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம். கோடு மெதுவாகச் சுற்றிவந்தால் சரியான அழுத்தம். ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் கை அழுத்துகிறது என்று பொருள். அப்போது அது சுழற்சி இழந்த வெறும் தாள் சாண்டர்.

தாள் எண்களில் வரிசையாக ஏறுவதும் முக்கியம். பி80 தாளின் மணல் ஏறத்தாழ 0.2 மி.மீ., பி120-இல் 0.125, பி180-இல் 0.08 மி.மீ. பி80 போட்ட ஆழமான கீறலை நேராக பி180 கொண்டு அழிக்க முயன்றால் கைதான் ஓயும். எண்ணெய்ப் பசை உள்ள தேக்கில் சாதாரணத் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஸ்டியரேட் பூசிய வெள்ளைத் தாள் அதைவிட நெடுநேரம் தாங்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 125 மி.மீ. வட்ட சாண்டரை வாங்கலாம்; மூலைகளை மரக்கட்டையில் தாள் சுற்றிக் கையால் முடித்துக்கொள்ளலாம். ஆனால் வாக்குவம் கிளீனர் குழாய் பொருந்தும் வாய் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவரும் துணிப்பை நுண்தூளை முழுதும் பிடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. தூசி உறிஞ்ச வழியில்லாத சாண்டரை விலை மலிவென்று வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வழி இருந்தாலும் என்95 மாஸ்க் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.