தனித்தியங்கும் வாகனமும் கூடி இயங்கும் வாகனமும்: சீர்வேகக் கட்டுப்பாட்டின் வரலாறு குறித்து

தொழில்நுட்பத்தின் வரலாற்றை ஒரு கண்டுபிடிப்பாளரின் பெயரிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். வாகனங்களின் சீர்வேகக் கட்டுப்பாட்டுக்கு (குரூஸ் கண்ட்ரோல்) அப்பெயர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வையை இழந்த இந்த அமெரிக்கப் பொறியாளர் 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் அம்முறையைத் தன் கார்களில் அறிமுகப்படுத்தியது. அக்கருவி அறிந்தது தன் வாகனத்தின் வேகத்தை மட்டுமே. 1990களின் பிற்பகுதியில் ரேடாருடன் சந்தைக்கு வந்த கார்கள், முன்செல்லும் வாகனத்தின் தொலைவையும் அளந்து வேகத்தை மாற்றிக்கொண்டன. மூன்றாம் கட்டம் கூட்டுறவுச் சீர்வேகக் கட்டுப்பாடு: வாகனங்கள் தம் வேகத்தையும் முடுக்கத்தையும் கம்பியில்லாத் தொடர்பு வழியே ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறை. முதலிரண்டும் சாலைக்கு வந்துவிட்டன. மூன்றாவது இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்களத்திலேயே நிற்பது ஏன்?

கணிதம் இதற்குக் காரணமன்று. வரிசையாகச் செல்லும் வாகனங்களை உகந்த முறையில் கட்டுப்படுத்தும் சிக்கலை லெவைன், அதான்ஸ் ஆகியோர் 1966இலேயே ஆராய்ந்தனர். முன்னால் செல்பவர் பிரேக்கை இலேசாக அழுத்தினால், அவ்வதிர்வு பின்னோக்கிச் செல்லச்செல்லப் பெருகிப் பத்தாவது வாகனத்தை ஏறத்தாழ நிறுத்திவிடக்கூடும். முதல் வாகனத்தின் வேகத்தையும் முடுக்கத்தையும் பின்வரும் ஒவ்வொரு வாகனமும் அறிந்தால், மிகக் குறைந்த மாறா இடைவெளியிலும் அதிர்வு தேய்ந்துபோகும் என்பதை 1990இல் பெர்க்லியின் ஷேக்கோலெஸ்லாமும் டெசோயரும் காட்டினர். சென்னை ஐஐடியில் பயின்ற தர்பா ஸ்வரூப், ஹெட்ரிக்குடன் இணைந்து 1996இல் 'தொடர் நிலைத்தன்மை' என்னும் இக்கருத்துக்குப் பொதுவான கணித வடிவம் தந்தார். ரேடாரை மட்டும் நம்பும் வாகனமும் இந்நிலைத்தன்மையை எட்டலாம்; ஆனால் அதற்கு நீண்ட இடைவெளி வேண்டும். அப்போது சாலையின் கொள்ளளவு உயர்வதில்லை.

செய்து காட்டுவதிலும் குறையில்லை. கலிபோர்னியாவில் 1986இல் தொடங்கிய 'பாத்' ஆய்வுத் திட்டம் இத்துறையின் மையமாயிற்று. மும்பையில் பிறந்த பிரவீண் வரையா, அறிவார்ந்த சாலையில் அறிவார்ந்த வாகனம் இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பை 1993இல் விரிவாக வரைந்தார். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தானியங்கி நெடுஞ்சாலையின் முன்மாதிரியை அமெரிக்க நாடாளுமன்றம் கோரியது. அதன்படி 1997 ஆகஸ்டில் சான் டியேகோவில் எட்டுப் பியூக் கார்கள், சுமார் 6.5 மீட்டர் இடைவெளியில் நெடுஞ்சாலை வேகத்தில் அணியாகச் சென்றன. வெற்றி பெற்ற அத்திட்டத்துக்கே சிறிது காலத்தில் நிதி நின்றது. காந்தங்கள் பதித்த தனித்தடத்தை எதிர்பார்த்த தொலைநோக்கைக் காட்டிலும், உடனடியாகக் கிட்டும் பாதுகாப்புக் கருவிகளே அரசுக்கு ஏற்புடையனவாயின.

அலைக்கற்றையின் கதையும் இதைப் போன்றதே. 1999இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸை வாகனத் தொடர்புக்கென ஒதுக்கியது. கார்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்தவில்லை. 2020இல் அதே ஆணையம் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்கு மாற்ற முடிவு செய்தது. எஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸும் வேறொரு தொழில்நுட்பத்துக்குரியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில், ரேடார் மட்டும் கொண்ட கார்களின் வரிசையில் அதிர்வு பெருகுவதையும், தொடர்பு கொண்ட கார்களின் வரிசையில் அது அடங்குவதையும் 2014இல் வெளியான மிலானேஸ், ஷ்லாடோவர் குழுவினரின் சாலைச் சோதனை உறுதிப்படுத்தியிருந்தது. சான்று வலுப்பெற்ற பின்னரே அலைக்கற்றை சுருங்கியது.

என் வாசிப்பில் காரணம் இதுவே: டீட்டரின் கருவியை வாங்கியவர் அன்றே பயன் பெற்றார். கூட்டுறவுக் கருவியை முதலில் வாங்குபவருக்கோ பேசுவதற்கு மற்றொரு வாகனம் இல்லை. எண்ணிக்கை கணிசமாகும்போதே பயன் பிறக்கும். பயன் தெரியாதவரை எண்ணிக்கை கூடாது. இம்முடிச்சைத் தனிச்சந்தை அவிழ்க்காது. பொதுத் தரமும் நிலையான அரசுக் கொள்கையுமே அவிழ்க்க இயலும்.

இந்திய மாணவர்களுக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. மேற்கண்ட சமன்பாடுகள் யாவும் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வாகனங்களைக் கருதி எழுதப்பட்டவை. 6.5 மீட்டர் இடைவெளியில் இரு சக்கர வாகனமும் ஆட்டோவும் புகுந்துவிடும் நம் சாலைகளில் 'முன்செல்லும் வாகனம்' எது என்பதே தெளிவற்றது. அந்த வரையறையிலிருந்து நாம் தொடங்கியாக வேண்டும்.