வார்டா ஆற்று வாலண்டைன் டாங்கி

போலந்தின் வார்டா ஆற்றுச் சேற்றிலிருந்து 2012-இல் மீட்கப்பட்ட, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் டாங்கி. வாலண்டைன் வரிசையில் ஒன்பதாம் வகையைச் சேர்ந்தது, 57 மி.மீ. பீரங்கி பொருத்தியது. 1945 ஜனவரியில் மேற்கு நோக்கி விரைந்த சோவியத் படையினர், வார்டோஸ்வாஃப் என்னும் சிற்றூர் அருகே உறைந்துகிடந்த ஆற்றின்மேல் இதை ஓட்டிச் சென்றனர். பனிப்பாளம் பாரம் தாங்காமல் உடைய, டாங்கி மூழ்கியது. 67 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோதும் உருக்குலையாமல் இருந்தது.

விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் வடிவமைத்த வாலண்டைன், பிரிட்டனிலும் கனடாவிலுமாக எட்டாயிரத்துக்கும் மேல் தயாரானது. அதில் கணிசமான பங்கு போர் உதவியாக சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. நம் பக்கத்துப் போர்முனையிலும் இது ஓடியது. 1943 பிப்ரவரித் தொடக்கத்தில், பர்மாவின் அரக்கான் கரையில் டோன்பைக் என்ற இடத்தைத் தாக்கிய இந்தியப் படைப்பிரிவுக்குத் துணையாக எட்டு வாலண்டைன்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் சில பள்ளங்களில் சிக்கி அங்கேயே நின்றுபோயின.

வார்டா டாங்கி உருக்குலையாமல் தப்பியதற்குக் காரணம் சேறுதான். இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். மாவுபோல் நுண்ணிய வண்டல் மூடிவிட்டால் காற்று உள்ளே இறங்குவதில்லை. கிணற்றில் தூர் வாரியவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அடிச்சேற்றில் புதைந்த வாளியின் வளையம் கறுப்பாக, நாற்றமடிக்கும் சேறு பூசி மேலே வரும். கரையில் போட்ட சில மணி நேரத்தில் அதன்மேல் செம்மஞ்சள் படியத் தொடங்கும். நன்னீராக இருந்ததும் வார்டா டாங்கிக்குக் கிடைத்த பேறு. கடலுப்பு இரும்பை ஏடு ஏடாக உரித்துவிடும். திண்டுக்கல் சமவெளியின் குடகனாற்றில் இதே டாங்கி விழுந்திருந்தால் இப்படித் தப்பியிருக்காது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணலாறு அது. ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால் எந்த இரும்பும் நிற்காது என்பது பூட்டுக்குப் பேர்போன அந்த ஊரின் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மீட்பில் மிகவும் கவலைக்குரிய கட்டம், வண்டி கரையேறியதற்குப் பின் வருவது. உள்ளே வெடிக்காத குண்டுகள் இருக்கலாம். வீரர்களின் எலும்புகளும் இருக்கலாம். அதனால் சேற்றை அவசரமாக அள்ளிக் கொட்டக்கூடாது. பாகங்களை உலரவிடாமல் கழுவி, பிரித்து, எண்ணெய் பூசுவதற்குள் காற்று முந்திக்கொள்ளும்.

இதற்கு இணையான மீட்பு எஸ்டோனியாவில் நடந்தது. 2000 செப்டம்பர் 14 அன்று குர்ட்னா ஏரியின் அடியிலிருந்து ஒரு டி-34 டாங்கியை புல்டோசர் கட்டி இழுத்தார்கள். சோவியத் தயாரிப்பான அதை ஜெர்மானியர் கைப்பற்றித் தம் படையில் ஓட்டியிருந்தனர். அவர்கள் தீட்டிய சிலுவைக் குறி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சேற்றில் கிடந்த பின்னும் அழியாமல் தெரிந்தது.