வாரிசுப் பங்கும் அல்ஜீப்ராவும்

நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் ஒருபடிச் சமன்பாடுகளில் 'பிரதியிடல்' என்றொரு முறை உண்டு. தெரியாத இரண்டு அளவுகளில் ஒன்றை மற்றொன்றின் வாயிலாகச் சொல்லி, அதன் இடத்தில் இதனை வைத்துக் கணக்கை ஒரே அளவுக்குள் அடக்குவதே அம்முறை. இதனை நாம் அந்நியச் சரக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், நம் வீட்டுப் பாகப்பிரிவினையிலேயே அது குடியிருக்கிறது.

கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813-833) பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ, 'ஜப்ர், முகாபலா' என்னும் கணக்கு வகை பற்றி ஒரு நூல் யாத்தார். அல்ஜீப்ரா என்னும் பெயரே அதன் தலைப்பிலிருந்து வந்ததாகும். குறியீடின்றிச் சொற்களாலேயே எழுதப்பட்ட அந்நூலின் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்தையும் வாரிசுரிமையையும் பற்றியது.

அதிலுள்ள கணக்கொன்றைக் காண்போம். ஒரு மாதரசி கணவரையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டு இறக்கிறார். வாரிசல்லாத ஒருவருக்குச் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்த்துக் கொடுக்குமாறு வஸிய்யத் செய்துள்ளார். இரண்டும் சேர்ந்து 56இல் 15. மூன்றில் ஒன்றுக்கு மேற்படாததால் வஸிய்யத் செல்லும். சொத்தை 1120 பங்காக்கினால் அவருக்கு 300. மீதி 820இல் கணவருக்குக் கால்பாகமாகிய 205. எஞ்சிய 615 மக்களுக்குரியது.

இன்றைய பாடமொழியில் சொன்னால், மகனின் பங்கும் மகளின் பங்கும் தெரியாத அளவுகள். ஒரு மகன், மூன்று மகள்கள் ஆகியோரின் பங்குகள் கூடி 615 என்பது ஒரு சமன்பாடு. மகனின் பங்கு இரு மகள்களின் பங்குக்குச் சமம் என்னும் மார்க்கச் சட்டம் மற்றொன்று. மகனின் இடத்தில் இரு மகள்களை வைத்தால் ஐந்து மகள்களின் பங்கு 615. ஆகவே மகளுக்கு 123, மகனுக்கு 246. பிரதியிடல் என்பது இதுவே.

பின்னர் எகிப்து நாட்டு அபூகாமில், தெரியாத அளவுகள் ஒன்றுக்கு மேற்பட்டபோது, ஒன்றைப் 'பொருள்' என்றும் மற்றொன்றைத் 'தீனார்' என்றும் தனித்தனிப் பெயரிட்டு இக்கலையை வளர்த்தார்.

1145இல் செஸ்டர் நகரத்து ராபர்ட், குவாரிஸ்மீயின் நூலை லத்தீனில் பெயர்த்தார். அப்பெயர்ப்பில் வாரிசுரிமைப் பகுதி இடம்பெறவில்லை. ஐரோப்பா கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. நாமோ சட்டத்தை வைத்துக்கொண்டு கணக்கைக் கைவிட்டோம். கணக்கறியாத குடும்பத்தில் மகளின் 123 பங்கு 100 ஆகக் குறைந்தாலும் கேட்பார் இரார். நம் பெண்மக்கள் இக்கணக்கைக் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று, தம் உரிமைக்காகவுமாகும்.