கம்பம் பன்னீர் திராட்சையின் தோலும் விதையும்: நானோதுகள் ஆய்வுக்கு உரிய களம்

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின் பாசன வளம் பெருகிய கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களின் பந்தல்களில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் எனும் இரகத்தைச் சேர்ந்தது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இப்பழத்தை உண்போர் பலர் தோலையும் விதையையும் துப்பிவிடுகின்றனர். சாறு பிழியும் இடங்களிலும் அவை சக்கையாகவே கழிகின்றன. பழங்களின் எதிர் ஆக்சிஜனேற்றிகளை நானோதுகள் வழியாக உடலுக்குக் கூடுதலாகச் சேர்ப்பிக்கும் ஆய்வு இப்பள்ளத்தாக்கில் இச்சக்கையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும், அதன் வெற்றி மனித உடலில் காணும் பயனைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எதிர் ஆக்சிஜனேற்றி என்பது செல்களின் வளர்சிதை மாற்றத்தின்போது உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதலைத் தணிக்கும் பொருள். திராட்சைக்குக் கருநீல நிறம் தரும் ஆந்தோசயனின்களும் ரெஸ்வெரட்ராலும் பெரும்பாலும் தோலிலும், புரோஆந்தோசயனிடின் எனும் துவர்ப்புப் பொருள்கள் விதையிலும் மிகுதியாக உள்ளன. சதையில் இவை குறைவு. ஆனால் பழத்தில் இருக்கும் அளவும், செரித்தபின் குருதியை அடையும் அளவாகிய உயிர்க்கிடைப்பும் ஒன்றல்ல. வாய்வழி உட்கொள்ளப்படும் ரெஸ்வெரட்ராலில் ஏறத்தாழ 70 விழுக்காடு குடலால் உறிஞ்சப்பட்டாலும், குடற்சுவரும் கல்லீரலும் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தையும் சல்பேட்டையும் விரைந்து இணைத்துவிடுவதால், உருமாறாத நிலையில் குருதியில் எஞ்சுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவே. ஆந்தோசயனின் இரைப்பையின் அமிலத்தில் நிலைத்து நின்று, அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலில் சிதைகிறது.

இந்த இழப்பைக் குறைக்கவே நானோ ஊர்திகள் வடிவமைக்கப்படுகின்றன. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளவை நானோதுகள்கள் எனப்பட்டாலும், உணவாய்வில் சில நூறு நானோமீட்டர் அளவினவும் இப்பெயரிலேயே வழங்கப்படுகின்றன. இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான், மக்காச்சோளப் புரதமாகிய சீன், பாஸ்போலிப்பிடுகளாலான லிப்போசோம் ஆகியவற்றுள் எதிர் ஆக்சிஜனேற்றியைப் பொதிந்தால், அது ஒளி, வெப்பம், செரிமான நீர் ஆகியவற்றிலிருந்து காக்கப்பட்டுக் குடலில் மெல்ல வெளிப்படும். பாலிலுள்ள கேசீன் புரதத் திரள்களும் இவ்வளவினவே என்பதால், உணவில் நானோ அமைப்பு என்பது முற்றிலும் புதிதன்று.

இங்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. ஆந்தோசயனினில் 1 அல்லது 2 விழுக்காடே உடலில் சேர்வதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார்பன்-13 அணுவால் அடையாளமிட்ட ஆந்தோசயனின் எட்டு ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டு, அது சிதைந்து உண்டான துண்டங்களும் சேர்த்து அளக்கப்பட்டபோது, அவ்வளவு ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்தது. உடலில் நன்மை செய்வது முழு மூலக்கூறா, அதன் துண்டங்களா என்ற வினாவை இம்முடிவு எழுப்புகிறது. துண்டங்களே வினைபுரிவன எனில், மூலக்கூறைச் சிதையாமல் காக்கும் ஊர்தி பயனைக் குறைக்கவும் கூடும். எனவே பொதிவின் உறுதியை மட்டும் அளந்து பயனை அறிவிப்பது பொருந்தாது.

கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு வேறுபாடும் உண்டு. பழச்சாற்றைக் கொண்டு வெள்ளி, துத்தநாக ஆக்சைடு முதலிய நானோதுகள்களைத் தயாரித்து, டிபிபிஎச் எனும் ஊதா நிறக் கரைசலின் நிறம் மங்குவதைக் காட்டி எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை நிறுவும் ஆய்வுகள் மிகுதியாக வெளிவருகின்றன. அத்துகளின் கருவாக இருப்பது உலோகமோ உலோக ஆக்சைடோ. பழத்தின் பொருளைச் சுமக்கும் உண்ணத்தக்க ஊர்தியுடன் அதனை ஒன்றாக எண்ணலாகாது. சோதனைக் குழாயில் கிடைக்கும் மதிப்பு உடல்நலத்துக்குச் சான்றாகாது என்பதாலேயே, அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுப்பொருள்களின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறன் பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. கூடுதல் அளவு கூடுதல் நன்மை என்பதும் உறுதியன்று: 29,133 பின்லாந்துப் புகைப்பாளர்களிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்தே காணப்பட்டது. உயிர்க்கிடைப்பை உயர்த்தும் எந்த முயற்சிக்கும் இம்முடிவு கடுமையான எச்சரிக்கையாகும்.

கம்பத்துக்கே உரிய கவலை ஒன்றும் உள்ளது. அடிச்சாம்பல் நோயையும் சாம்பல் நோயையும் கட்டுப்படுத்தத் திராட்சைக் கொடிகளுக்கு மருந்து தெளிக்கப்படுகிறது. எச்சம் தங்கினால் அது பெரும்பாலும் தோலிலேயே தங்கும். தோலின் சாரத்தைச் செறிவாக்கும்போது எச்சமும் உடன் செறிவுறலாம். அச்சாரத்தை நானோ ஊர்தியில் ஏற்றினால் எச்சமும் அவ்வழியே உடலுக்குள் செல்ல இடமுண்டு. எச்சத்தை அளந்து நீக்காத பொதிவு ஆய்வு, வேதியியல் நோக்கில் எத்துணைச் சிறந்ததாயினும், உணவாய்வு ஆகாது.

இப்பணிக்குரிய நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும், தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இயங்குகின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பழம் பழுப்பதைத் தாமதப்படுத்தும் ஹெக்ஸனால் நானோ குழம்பை மாம்பழத்தில் ஆய்ந்த பட்டறிவு கொண்டது. நானோ அடிப்படையிலான வேளாண் இடுபொருள்களையும் உணவுப்பொருள்களையும் மதிப்பிடும் வழிகாட்டுதல்களை நடுவண் அரசு 2020-இல் வெளியிட்டுள்ளது. சக்கையில் மருந்தெச்சத்தை அளத்தல், எச்சம் குறைந்த சாரத்தை உண்ணத்தக்க ஊர்தியில் மட்டும் பொதிதல், மூலக்கூறுடன் அதன் துண்டங்களையும் மனிதக் குருதியில் அளத்தல் என்ற வரிசையில் இந்நிறுவனங்கள் இணைந்து பணியாற்ற வேண்டும். அதுவரை எந்தத் திராட்சைப் பொருளின் உறையிலும் நானோ என்ற சொல் நலவாக்குறுதியாக அச்சிடப்படலாகாது.