48 வருஷம் கழித்து வந்த வண்ணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், காதும் இப்போது கொஞ்சம் மந்தம். பையனுக்கு எட்டு வயசு, சப்டைட்டில் படிக்கிற பொறுமை கிடையாது. அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்தார்கள். போஸ்ட்மேனின் சைக்கிள் ஆளில்லாமல் தானாக ரோட்டில் ஓட, அவர் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும் காட்சியில் அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

படத்தின் பெயர் 'ஜூர் த ஃபெத்', திருவிழா நாள் என்று பொருள். ஜாக் தாத்தி இயக்கி நடித்து 1949இல் வெளியானது. அவரது முதல் முழுநீளப் படம். பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆட்கள் பேசுகிறார்கள், ஆனால் அது சந்தை இரைச்சல் மாதிரி பின்னணியில் ஓடும். போஸ்ட்மேன் ஃபிரான்ஸ்வா மீசைக்குள்ளேயே முணுமுணுப்பார். ஒரு சொல் புரியாவிட்டாலும் கதையில் எதுவும் விட்டுப்போகாது.

படம் முடிந்ததும் வழக்கம்போல இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் வண்ணத்தில் பார்த்த இந்தப் படத்தை, எடுத்தவர் தன் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததே இல்லை!

முதலில் கொஞ்சம் பின்னணி. தாத்தி பிறந்தது 1907இல். ஆறடிக்கு மேல் உயரம். மேடையில் விளையாட்டு வீரர்களைப் பேசாமல் நடித்துக் காட்டிப் பெயர் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, நண்பர் ஹென்றி மார்க்கேயுடன் நாட்டின் நடுப்பகுதியில், செந்த்-செவேர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் தங்கியிருந்தார். போர் முடிந்து 1947இல் அதே ஊருக்குக் கேமராவோடு திரும்பினார். நடிகர்கள் சிலர்தான், மிச்சம் எல்லாம் ஊர்க்காரர்கள்.

கதை ரொம்ப எளிமை. ஊருக்குத் திருவிழா வருகிறது, ராட்டினம், கடைகள், டெண்ட் சினிமா எல்லாம் சேர்ந்து. டெண்டில் அமெரிக்கத் தபால்துறையின் வேகத்தைப் பற்றி ஒரு படம் ஓடுகிறது. அதைப் பார்த்த ஃபிரான்ஸ்வாவுக்கு ரோஷம். மறுநாள் 'அமெரிக்க ஸ்டைலில்' தபால் பட்டுவாடா. ஓடும் லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி, அதையே மேஜையாக்கிக் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறார். இறங்க நேரமில்லை, அதனால் கடிதத்தைக் குதிரை வாலுக்கடியில் சொருகிவிட்டுப் போகிறார். கசாப்புக்காரர் கத்தியை ஓங்கும் நேரத்தில் பார்சலைக் கட்டைமேல் வைக்க, உள்ளே இருந்த புது ஷூவின் மூக்கு போச்சு!

இந்தப் படத்தைத் தாத்தி வண்ணத்தில் எடுக்கத் திட்டமிட்டார். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். ஈஸ்ட்மன்கலர் வந்தது 1950இல். அதற்கு முன்னால் டெக்னிகலர் இருந்தது, ஆனால் செலவு எகிறும். அப்போது தாம்சன் கம்பெனி 'தாம்சன்கலர்' என்று ஒரு புது முறையை வைத்திருந்தது. தாத்தி அதை நம்பி இறங்கினார்.

இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதுதான் என்னைப் போன்ற இன்ஜினியர் மூளைக்குத் தீனி. படச்சுருள் என்னவோ சாதாரணக் கறுப்பு வெள்ளைதான். ஆனால் அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள், ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி லென்ஸ். கேமரா லென்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டையாக ஒரு வடிகட்டி. ஒளி எந்தப் பட்டை வழியாக நுழைந்ததோ, அதைப் பொறுத்துக் குட்டி லென்ஸுக்குப் பின்னால் தனித்தனி இடத்தில் விழும். ஆக, வண்ணம் என்பது சுருளில் நிறமாக இல்லை, எந்த இடத்தில் விழுந்தது என்ற தகவலாக இருக்கிறது. சின்ன வயசில் நம் வீடுகளில் இருந்த, சாய்த்துப் பார்த்தால் பிள்ளையார் முருகனாக மாறும் வரி வரியான பிளாஸ்டிக் படம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

எடுப்பது வரைக்கும் பிரச்சினை இல்லை. தியேட்டருக்குப் பிரதி போட வேண்டுமே! அந்த நுண்ணிய வரிகளோடு கூடிய படத்தை இன்னொரு சுருளுக்கு மாற்றுவதற்கு உருப்படியான வழி தாம்சனிடம் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், ஃபைல் பத்திரமாக இருக்கிறது, அதைத் திறக்கும் மென்பொருள் இன்னும் எழுதப்படவில்லை.

தாத்தி தப்பித்தது ஒரே ஒரு முன்ஜாக்கிரதையால். வண்ணக் கேமராவோடு, எதற்கும் இருக்கட்டும் என்று சாதாரணக் கறுப்பு வெள்ளைக் கேமராவையும் ஓடவிட்டிருந்தார். அந்த பேக்கப்தான் 1949இல் திரைக்கு வந்தது. வாங்க முதலில் தயங்கிய விநியோகஸ்தர்களை மீறிப் படம் ஓடியது, அதே வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் திரைக்கதைக்குப் பரிசும் வாங்கியது. அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம்.

குறை இருந்தது. படப்பிடிப்பின்போது தாத்தி ஊரில் பல வீட்டுக் கதவுகளுக்குச் சாம்பல் நிறம் அடிக்க வைத்தார். ஊர்க்காரர்களுக்குக் கறுப்பும் மங்கலுமான உடைகள். திருவிழா வண்டிகள் வந்து ராட்டினக் குதிரைகளை இறக்கும்போதுதான் ஊருக்குள் வண்ணம் நுழைய வேண்டும், விழா முடிந்ததும் பெட்டிக்குள் மடித்து வைத்ததுபோல அந்த வண்ணமும் வண்டியேறிப் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. படத்தின் அர்த்தமே அதில்தான் இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஊரும் ஒரே சாம்பல், ராட்டினமும் ஒரே சாம்பல். ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் அவர் சொல்ல வந்ததில் பாதி போய்ச் சேரவில்லை.

அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 1964இல் படத்தை மறுபடி வெட்டி ஒட்டினார். ஓர் இளம் ஓவியர் கதாபாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்து, கொடி, விளக்கு மாதிரிச் சில பொருட்களுக்கு மட்டும் பிலிமில் வண்ணம் பூசினார். நிஜ வண்ணம் இருந்த சுருள்களைத் திறக்க முடியாததால், மேலே சாயம் தடவிப் பார்த்த முயற்சி இது. 1982இல் தாத்தி இறந்துபோனார்.

அவர் மகள் சோஃபி தாத்திஷெஃப் பிறந்தது 1946இல், அதாவது படப்பிடிப்பு நடந்தபோது கைக்குழந்தை. வளர்ந்து படத்தொகுப்பாளர் ஆனார். அவரும் ஒளிப்பதிவாளர் ஃபிரான்ஸ்வா ஏதும் சேர்ந்து பழைய தாம்சன்கலர் நெகடிவை எடுத்து, அந்த வரிகளுக்குள் ஒளிந்திருந்த வண்ணத்தைப் பிரித்து, சாதாரண வண்ணச் சுருளுக்கு மாற்றினார்கள். 1995இல் படம் வண்ணத்தில் வெளியானது. எடுத்து 48 வருஷம் கழித்து! 2001இல் சோஃபியும் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1994இல் அக்கா கல்யாணத்தை வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்தோம். அப்பா நடப்பதும் பேசுவதும் பதிவான ஒரே இடம் அதுதான். அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு அதை டிஜிட்டலாக மாற்றும் யோசனை வந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது, பன்னிரண்டு நிமிஷம்தான் தேறியது, அதுவும் கறுப்பு வெள்ளையில். வி.எச்.எஸ்.ஸில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகும். சிக்னல் பலவீனமானால் நிறம் முதலில் உதிரும். "இதான் சார் வரும், கேசட்டைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர்.

நானும் தூக்கிப் போடத்தான் இருந்தேன். அம்மா விடவில்லை. அன்றைக்கு அப்பா போட்டிருந்த பட்டுச் சட்டை சந்தன நிறம் என்கிறார் அம்மா. இல்லை, வெளிர்பச்சை என்கிறாள் அக்கா. பன்னிரண்டு நிமிஷத்தில் அது சாம்பல்.

தாம்சன்கலர் நெகடிவை 1950இலேயே யாராவது 'பிரதி போட முடியாத குப்பை' என்று எறிந்திருந்தால் தப்பே சொல்ல முடியாது. நியாயமான முடிவாகத்தான் பட்டிருக்கும், கையில்தான் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் பிரதி இருந்ததே. ஆனாலும் யாரோ எறியவில்லை. பேக்கப் எடுத்து வை என்று எங்கள் தொழிலில் தினமும் சொல்கிறோம். மாற்றி எடுத்த பிறகும் மூலத்தை வைத்துக்கொள் என்று சொல்வது அபூர்வம். இன்று படிக்க முடியாததற்கும், உள்ளே ஒன்றும் இல்லாததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கேசட் கிடந்தால், ஈரம் படாமல், நிமிர்த்தி நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததை வீட்டு பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் கெடும், பிளேயரும் கெடும்.

எங்கள் கேசட் இப்போது சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில், அம்மாவின் பீரோவில் இருக்கிறது. சட்டை விவகாரம் இன்னும் தீரவில்லை.